கடிதத்தோடு வரும் கள்வன்

(சங்க மண்டபத்தில் நிகழ்ந்த மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



திருமுறை பற்றியும் திருக்குறள் பற்றியும் பேச்சுக்கள் நிகழும் இம்மேடையிலே மின்னஞ்சலைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். சங்கக் கூட்டத்துக்கு இது தகுந்த பொருளோ என்று காரியதரிசி அவர்கள் முதலிற் சற்றுத் தயங்கினார். பின்னர், "தம்பி, மகளின் விசாக் கடிதம்கூட அதிலேதானே வந்தது, பேசும்" என்று அனுமதி தந்தார். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையிலேயே நமது பேச்சின் நியாயம் அடங்கிவிட்டது.

விசாக் கடிதம் மாத்திரமா? வங்கிக் கணக்கின் அறிவித்தல், பல்கலைக்கழகத்தின் அழைப்பு, கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் உறவினர் அனுப்பும் பத்திரங்கள் எல்லாம் இன்று அவ்வழியே வருகின்றன. இவற்றைக் காட்டிலும் முக்கியமான ஒன்றுண்டு. வேறோரிடத்தில் நாம் வைத்திருக்கும் கணக்கின் கடவுச்சொல்லை மறந்துவிட்டால், புதிய கடவுச்சொல் அமைத்துக்கொள்வதற்கான வழி பெரும்பாலும் மின்னஞ்சலுக்கே அனுப்பப்படுகின்றது. ஆகவே மின்னஞ்சற் பெட்டி என்பது வெறும் கடிதப் பெட்டியன்று. வீட்டிலுள்ள அத்தனை பூட்டுக்களின் சாவிக்கொத்தும் அதனுள்ளேதான் கிடக்கின்றது.

இத்தகைய பெட்டியைத் திறந்து காட்டும் மென்பொருளிலே ஓட்டைகள் உண்டு என்பதும், அவ்வோட்டைகளால் விளையும் தீங்குக்குப் பெரும்பாலும் பாவனையாளர் மீதே பழி சுமத்தப்படுகின்றது என்பதும், அப்பழி பல வேளைகளில் நியாயமன்று என்பதுமே நாம் இன்று சொல்ல விரும்புவன.

காகிதக் கடிதம் ஒன்று மேசையிற் கிடக்கின்றது. அது எத்துணைப் பொல்லாத கடிதமாயினும் தானாக எழுந்து சென்று அலுமாரியைத் திறக்கமாட்டாது. படிப்பவன் ஏமாந்தால் மாத்திரமே அதனாற் கேடு விளையும். மின்னஞ்சலோ அப்படிப்பட்டதன்று. அதனை முதலில் வாசிப்பவர் நாமல்லர். நமக்கு முன்னே மென்பொருள் வாசித்துவிடுகின்றது. இன்ன இடத்திலிருந்து இந்தப் படத்தைக் கொண்டுவா, இந்த நேரத்தில் மணியை அடி, இந்தக் கோப்பைத் திற என்று கடிதத்துள்ளே எழுதப்பட்டிருக்கும் கட்டளைகளை அது நிறைவேற்றிவிட்டுத்தான் நமக்குக் காட்டுகின்றது. எசமானின் குரல் எது, அந்நியனின் குரல் எது என்று பகுத்தறியாத வேலைக்காரனைப் போன்றது அம்மென்பொருள். ஓட்டை என்று நாம் சொல்வது இந்தப் பகுத்தறிவின்மையைத்தான்.

இதன் தொடக்கத்தைப் பார்த்தால் யாரையும் குறைசொல்லத் தோன்றாது. 1971ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் ரே ரொம்லின்சன் என்பவர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு, வலையின் வழியாக, முதற் கடிதத்தை அனுப்பினார். 1982இல் ஜோன் பொஸ்ரெல் என்ற அறிஞர் கடிதப் போக்குவரத்துக்கான விதிகளை எழுதி வெளியிட்டார். அக்காலத்தில் வலையிலிருந்தவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அனுப்புநர் தம் பெயர் இது என்று சொன்னால் அதை நம்புவதே முறையாயிருந்தது. தபாலுறையின் பின்புறத்தில் எவர் பெயரை எழுதினாலும் தபாற் கந்தோர் ஏற்றுக்கொள்ளுமல்லவா, அதுபோல. அனுப்புநரைச் சோதிக்கும் முறைகள் பிற்காலத்திலே மேலே கட்டப்பட்டனவேயன்றி, அத்திவாரம் பழைய நம்பிக்கையிலேயே நிற்கின்றது.

அந்த நம்பிக்கைக்கு முதலடி விழுந்த நாள் 1988 நவம்பர் 2. பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஓல்மன் எழுதிய 'சென்ட்மெயில்' என்ற மென்பொருளே அந்நாளில் மிகப் பல கணினிகளில் தபாற்காரனாக வேலை செய்தது. அதிலே 'டிபக்' என்றொரு கட்டளை இருந்தது. மென்பொருளைச் சோதிப்பவரின் வசதிக்காக வைக்கப்பட்டது அது. அக்கட்டளையை உபயோகித்தால், ஒரு கடிதத்தை மனிதருக்கு அனுப்புவதற்குப் பதிலாக நேரே கணினிக்கே கட்டளையாக அனுப்பிவிடலாம். வீட்டைக் கட்டி முடித்த மேசன் தன் ஏணியை மதிலிற் சாத்தியபடியே விட்டுச் சென்றதற்கு இது ஒப்பாகும். கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபேட் மொறிஸ் எழுதிவிட்ட 'புழு' என்னும் நிரல் அந்த ஏணியிலும், அதுபோன்ற வேறு சில வழிகளிலும் ஏறிச் சென்றது. வலையில் அன்றிருந்த ஏறக்குறைய 60,000 கணினிகளுள் 6,000 வரையில் பாதிக்கப்பட்டன என்று மதிப்பிடப்பட்டது. அம்மாணவருக்கு அப்போது வயது இருபத்துமூன்று நிரம்பவில்லை. ஏறக்குறைய எம் வயதுதான். 1990இல் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகசேவையும், 10,050 டொலர் தண்டமும் விதித்தது. பிற்காலத்தில் அவர் பேராசிரியரானார் என்பது வேறு கதை.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த ஆறாயிரம் கணினிகளின் முன்னேயிருந்தவர்களுள் எவரும் எந்தக் கடிதத்தையும் திறக்கவில்லை. எதையும் அழுத்தவில்லை.

ஆயினும் பின்வந்த பத்தாண்டுகளில், "கடிதத்தை வாசிப்பதால் ஒன்றும் நேராது, அதனோடு வரும் இணைப்புக் கோப்பைத் திறந்தால்தான் ஆபத்து" என்று விஷயம் தெரிந்தவர்களே சொல்லிவந்தார்கள். 1999 நவம்பரில் 'பபிள்போய்' என்ற வைரஸ் அதனைப் பொய்யாக்கிற்று. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் 'அவுட்லுக் எக்ஸ்பிரஸ்' மென்பொருளிலே கடிதத்தைத் திறக்கவும் வேண்டியதில்லை. முன்தோற்றம் காட்டும் சாளரத்தில் அது தெரிந்தாலே போதும், வைரஸ் உள்ளே புகுந்துவிடும். நல்ல காலமாக அது பெரிதாகப் பரவவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே வெளியிட்டிருந்தது; எடுத்துப் போட்டுக்கொண்டவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு வந்ததோ உலகையே ஆட்டிவைத்தது. 2000 மே 4ஆந் தேதி பிலிப்பைன்ஸ் தேசத்திலிருந்து புறப்பட்ட கடிதம் அது. தலைப்பு 'ஐ லவ் யூ'. உள்ளே காதற் கடிதம் என்ற பெயரில் ஓர் இணைப்பு. அதைத் திறந்தவரின் முகவரிப் புத்தகத்திலுள்ள அனைவருக்கும் அவர் பெயராலேயே அதே கடிதம் பறந்தது. கணினியிலிருந்த படங்களும் பிற கோப்புக்களும் அழிந்தன. பிரித்தானியப் பாராளுமன்றமே தன் மின்னஞ்சலைச் சிறிது நேரம் நிறுத்திவைக்க நேர்ந்தது.

காதற் கடிதம் என்றதும் ஆசைப்பட்டுத் திறந்த மனிதரைப் பார்த்து உலகம் சிரித்தது. நாமும் சிரிக்கலாம். ஆனால் உண்மை என்ன? அந்த இணைப்பின் பெயரிலே இரண்டு வால்கள் இருந்தன. முதல் வால், இது வெறும் எழுத்துக் கோப்பு என்று சொன்னது. இரண்டாவது வால்தான் இது கட்டளைகளை இயக்கும் நிரல் என்று சொன்னது. விண்டோஸ் மென்பொருளோ தனக்குத் தெரிந்த வகைக் கோப்புக்களின் கடைசி வாலை வாசிப்பவருக்குக் காட்டாது மறைத்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. கண்ணுக்கு அழகாயிருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆகவே கவனமாகப் பார்த்தவருங்கூட எழுத்துக் கோப்பென்றே கண்டார். யவனருடைய மரக்குதிரைக் கதையை நம்மிற் பலர் பள்ளியிலே படித்திருக்கின்றோம். அக்கதையில் குதிரையை உள்ளே இழுத்தவர்கள் நகரத்தார். இங்கேயோ, குதிரையின் வயிற்றிலிருந்த கதவைத் துணிபோட்டு மூடியவன் நகரத்துக் காவற்காரனே.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். இதுவரை சொன்னவை நமது மேசையிலுள்ள கணினியைப் பற்றியவை. கந்தோர்களிலும் கம்பனிகளிலும் எல்லோருடைய கடிதங்களையும் ஒருங்கே வைத்திருக்கும் பெரிய தபாற் கணினிகள் உண்டு. அவற்றில் இயங்கும் மைக்ரோசொப்ட் 'எக்ஸ்சேஞ்ச்' என்ற மென்பொருளில் நான்கு ஓட்டைகள் இருப்பதாக 2021 மார்ச் 2ஆந் தேதி அறிவிக்கப்பட்டு, திருத்தமும் வெளியாயிற்று. அவற்றை ஒன்றுசேர்த்துப் பிடித்தால், கடவுச்சொல் எதுவும் அறியாத ஒருவன் தூரத்திலிருந்தே உள்ளே நுழைந்து அனைவர் கடிதங்களையும் வாசிக்கலாம். திருத்தம் வெளியாகுமுன்னரே கள்வர் புகுந்துவிட்டனர். நோர்வே நாட்டுப் பாராளுமன்றமும் ஐரோப்பிய வங்கியியல் அதிகாரசபையும் அவ்வாறு பாதிக்கப்பட்டன. அவர்கள் போகும்போது, மறுபடி வருவதற்காக இரகசியக் கதவொன்றையும் வைத்துவிட்டுப் போனார்கள். ஓட்டையை அடைத்தபின்பும் அக்கதவு இருந்தது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான கணினிகளிலிருந்து அக்கதவுகளை நீக்குவதற்கு, அந்நாட்டுப் புலனாய்வுத் துறையே அவ்வாண்டு ஏப்பிரலில் நீதிமன்ற அனுமதி பெறவேண்டியதாயிற்று. இதிலே ஒரு சாதாரண உத்தியோகத்தர், தம் மேசையிலிருந்தபடி, என்ன செய்து தம்மைக் காத்திருக்க முடியும்? ஒன்றும் செய்திருக்க முடியாது.

2023 மார்ச்சில் வெளிப்பட்ட ஓட்டை இன்னும் விசித்திரமானது. உக்ரேன் நாட்டின் கணினி அவசரப் பதிற்குழுவினர் அதனைக் கண்டறிந்து மைக்ரோசொப்டுக்கு அறிவித்தார்கள். விண்டோஸில் இயங்கும் அவுட்லுக் மென்பொருளில், கூட்டம் முதலியவற்றை நினைவூட்டுவதற்கு மணியோசை அடிக்கும் வசதி உண்டல்லவா? எந்த ஓசையை அடிக்கவேண்டும் என்பதை அனுப்புகின்றவர் கடிதத்திலேயே குறிக்கலாம். அவ்வோசைக் கோப்பு தூர தேசத்திலுள்ள தன்னுடைய கணினியிலே இருக்கின்றது என்று கள்வன் எழுதிவிடுவான். அவுட்லுக், மணியடிக்கும் ஆவலில், அக்கணினியைத் தேடிப்போகும். 'நீ யார்?' என்று அது வினவும். உடனே அவுட்லுக் எசமானுடைய கடவுச்சொல்லின் உருமாற்றிய வடிவத்தைச் சான்றாக நீட்டிவிடும். கள்வனுக்கு வேண்டியது அதுதான். அதை வைத்துக்கொண்டு அவன் வேறிடங்களில் எசமானாகவே நடித்து நுழையலாம். கடிதத்தைத் திறக்கவேண்டாம், முன்தோற்றத்திற் பார்க்கவும் வேண்டாம். வந்து சேர்ந்தாலே போதும். இந்த வழியால் ஐரோப்பாவிலே அரசாங்க, இராணுவ, போக்குவரத்து, எரிசக்தி நிலையங்கள் சில 2022 ஏப்பிரலிலிருந்தே தாக்கப்பட்டு வந்தன என்றும், தாக்கியவர்கள் ரஷ்யாவிலிருந்து இயங்குபவர்கள் என்றும் மைக்ரோசொப்ட் கூறிற்று. ஒரு மணியோசைக்காக ஓர் ஆண்டளவு கதவு திறந்து கிடந்தது!

இவையெல்லாம் எங்கோ தூர தேசத்தில் நடந்தவை என்று சபையோர் கருதலாகாது. நமது இலங்கையில் நடந்ததைச் சொல்லவே இத்தனை தூரம் வந்தோம்.

இலங்கை அரசாங்கத்தின் கந்தோர்களுக்குப் பொதுவான மேகக் கணினிச் சேவை ஒன்றுண்டு. 2023 ஆகஸ்ட் 26ஆந் தேதியளவில் அதன்மீது கப்பம் கோரும் மென்பொருள் கொண்டு தாக்குதல் நிகழ்ந்தது. கோப்புக்களைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்கும் வகையது அது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசாங்கத்தின் ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை பன்னிரண்டு மணி நேரத்துள் மீட்கப்பட்டது. ஆனால் மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்களுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. நூறு நாட்களுக்கு மேற்பட்ட அரச கடிதங்கள், ஒரு கச்சேரியின் கோப்பறை தீப்பற்றி எரிந்தாற்போல, இல்லாமற் போயின.

எப்படி நேர்ந்தது? சில வாரங்களாகச் சந்தேகத்துக்கிடமான இணைப்புகள் அரச முகவரிகளுக்கு வந்துகொண்டிருந்தன என்றும், எவரோ ஒருவர் அவற்றுள் ஒன்றை அழுத்தியிருக்கலாம் என்றும் பொறுப்பானவர்கள் அப்போது கூறினார்கள். பார்த்தீர்களா, மீண்டும் அந்த அழுத்திய கை! எங்கோ ஒரு கந்தோரில் இருக்கும் இலிகிதர் ஒருவரின் விரல்! அதே வேளையில் அவர்களே வெளியிட்ட மற்றொரு விபரமும் உண்டு. அச்சேவையில் இயங்கிய மென்பொருள் மேலே நாம் சொன்ன எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதனைப் புதுப்பிக்கவேண்டும் என்று 2021 தொடக்கமே எண்ணப்பட்டது. பணமுடையாலும் முன்னைய நிர்வாகத் தீர்மானங்களாலும் பிற்போடப்பட்டது. அப்பதிப்புக்கான பராமரிப்பை மைக்ரோசொப்ட் 2023 ஏப்பிரல் 11ஆந் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதாவது அதன்பின் அதில் எந்த ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைப்பார் இல்லை. நான்கு மாதங்களின் பின் இத்தாக்குதல்.

இந்த ஓட்டையால்தான் கள்வன் வந்தான் என்று நாம் சாதிக்கவில்லை. விரல் அழுத்தியதாலேயே வந்திருக்கலாம். ஆனால் ஐயாயிரம் பேர் பாவிக்கும் ஒரு சேவையிலே, ஒருவரும் ஒருநாளும் தவறாக எதையும் அழுத்தமாட்டார்கள் என்று எதிர்பார்ப்பது பேதைமை. மனிதர் தவறுவார்கள் என்று தெரிந்தே மதில் கட்டவேண்டும். மதிலைத் திருத்தப் பணம் ஒதுக்காமலும், காப்புப் பிரதி எடுக்காமலும் விட்டதனால் ஏற்பட்ட நட்டத்தை ஓர் இலிகிதரின் விரலிலே கட்டித் தொங்கவிடுவது நியாயமா? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை நாம் மறக்கவில்லை. எரிபொருளுக்கே வரிசையில் நின்ற காலத்தில் மென்பொருளுக்குப் பணம் எங்கே என்று கேட்பது எளிது. எனினும், இணைப்பைத் துண்டித்து வேறாக வைத்த ஒரு காப்புப் பிரதிக்கு ஆகும் செலவு பெரிதன்று. அத்தாக்குதலின் பின்னர் நாள்தோறும் அவ்வாறு எடுக்கப்போவதாக அறிவித்தார்கள், முன்னரே செய்திருக்கலாம்.

நம்முடைய வீடுகளின் நிலையும் இதனின்று அதிகம் வேறுபட்டதன்று. விண்டோஸ் 10 என்ற பதிப்புக்கான வழமையான பராமரிப்பு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. அவுட்லுக் அடங்கிய ஒபிஸ் 2016, 2019 ஆகிய பதிப்புகளுக்கும் அதே நாளே இறுதி நாள். நமது ஊர்களிலே பழைய மடிக்கணினிகளில் இவைதாம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பணம் கொடாமற் பிரதி செய்து ஏற்றிய மென்பொருளாயின், கடைக்காரர் தாமே புதுப்பித்தலை நிறுத்திவைத்துவிட்டு, "அண்ணை, இதை மட்டும் தொடாதேங்கோ" என்று சொல்லியனுப்புவார். வாங்கியவரும் அதை ஒரு விரதம்போலக் கடைப்பிடிப்பார். புதுக் கணினி வாங்க இயலாதவர்கள் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. மின்னஞ்சலை வாசிப்பதற்கு 'தண்டர்பேர்ட்' போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. அவை தொடர்ந்து திருத்தப்பட்டு வருகின்றன. பழைய கணினியை விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மென்பொருளால் இயக்கலாம், அதுவும் இலவசமே. பழகச் சில நாள் செல்லும்.

கைத்தொலைபேசியில் நிலைமை வேறு. 'புதுப்பித்தல் காத்திருக்கின்றது' என்ற அறிவித்தல் ஆங்கிலத்திலே வருகின்றது. வீட்டுப் பெரியவர்கள், ஏதோ காசு கேட்கின்றான் என்று பயந்து, 'பின்னர்' என்ற பொத்தானை அழுத்திவிடுகின்றார்கள். கள்வனின் கடிதத்தைக் கண்டு பயப்படாதவர்கள் காவற்காரனின் கடிதத்தைக் கண்டு பயப்படுகின்றார்கள்! மிஷன் பள்ளிக்கூடங்களிலும் பிறவற்றிலும் ஆங்கிலம் படித்த நாம் இங்கே சிறிதளவு பிரயோசனப்படலாம். அம்மாவின் தொலைபேசியை மாதத்துக்கு ஒருமுறை வாங்கி, வந்திருக்கும் திருத்தங்களை ஏற்றிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். அவ்வேளையில் இன்னுமிரண்டு செய்யலாம். மின்னஞ்சலிலுள்ள படங்கள் தாமாக வந்து இறங்காதபடி அமைப்பது ஒன்று. கடிதம் திறக்கப்பட்டது என்ற செய்தி அனுப்பியவனுக்கு எட்டுவது பெரும்பாலும் அப்படங்கள் வழியாகத்தான். மற்றையது, கடவுச்சொல்லுக்கு மேலாக இரண்டாவது சோதனை ஒன்றை ஏற்படுத்துவது. கடவுச்சொல் களவுபோனாலும் அது ஓரளவு தடுக்கும். முற்றாகத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சங்க நிர்வாகசபைக்கு ஒரு விண்ணப்பம். சங்கத்தின் அங்கத்தவர் இடாப்பும், வெளிநாட்டு அன்பர்கள் அனுப்பும் நன்கொடை விபரங்களும், மலருக்கான கட்டுரைகளும் இப்போது சங்கத்தின் மின்னஞ்சலிலேயே இருக்கின்றன. அவற்றின் பிரதியொன்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தனித் தட்டிலே பதிந்து, கணினியிலிருந்து கழற்றி, காரியதரிசி அவர்களின் அலுமாரியில் வைக்கவேண்டும். இடாப்பைக் காகிதத்திலும் அச்சிட்டு வைத்தல் நன்று. தட்டு வாங்கும் செலவைப் பொருளாளர் அனுமதிப்பாராயின், மாணவ அங்கத்தவர்களாகிய நாம் வருகின்ற ஞாயிறு காலையிலேயே வந்து அதனைச் செய்து தருவோம். தம் தொலைபேசியையோ கணினியையோ காட்ட விரும்பும் பெரியோர்களும் அன்று கொண்டுவரலாம்; கடவுச்சொல்லை மாத்திரம் எமக்குச் சொல்லவேண்டாம், தாமே தட்டிக்கொள்ளட்டும்.